சொங்கிரானுக்கு ஹாட்யாய்: பஸ்ஸில் போய் வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தாய்லாந்துப் புத்தாண்டின் தண்ணீர்த் திருவிழாவான சொங்கிரானுக்கு, தென் தாய்லாந்தில் இருக்கும் ஹாட்யாய் நகரத்துக்குப் போகப் போகிறேன் என்று சொன்னால் ஆளாளுக்கு ஹோட்டல் பெயரும் சாப்பாட்டுக் கடையும் சொல்வார்கள். எல்லையில் வரிசை எவ்வளவு நீளும், எந்தப் படிவத்தை எப்போது நிரப்ப வேண்டும், திரும்பும் பஸ் எந்த நாட்டு நேரப்படி கிளம்பும் என்பதைச் சொல்ல ஆள் இருக்காது. அலைந்து திரிந்துதான் நான் இதையெல்லாம் தெரிந்துகொண்டேன், உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கோலாலம்பூரிலிருந்து பஸ்ஸில் போய், இரண்டு இரவு தங்கி, நனைந்து, சாப்பிட்டுத் திரும்ப ஆளுக்கு ஏறக்குறைய 450 வெள்ளி (ரிங்கிட்) போதும். ஆனால் இந்தப் பயணத்தைக் கெடுப்பது காசு இல்லை, நேரம். அதனால் எந்த நாள் எந்த மணிக்கு எல்லையைக் கடக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, ஹோட்டலையும் மற்றதையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் காலண்டரைப் பாருங்கள்

சொங்கிரான் ஏப்ரல் 13 முதல் 15 வரை. வருடா வருடம் அதே தேதிதான், கிழமை மட்டும்தான் மாறும். 2026-இல் 13-ஆம் தேதி திங்கள், 2027-இல் செவ்வாய். ஆகவே சனி ஞாயிறு மட்டும் என்று போனால் கொண்டாட்டம் சூடு பிடிக்கும்போது நீங்கள் திரும்பி வந்துகொண்டிருப்பீர்கள். ஒரு நாளாவது விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும், அதை இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஹாட்யாயில் இரவு நேரச் சொங்கிரான் பேர்போனது. பெரும்பாலும் 13-ஆம் தேதிக்கு முன்பே தொடங்கிவிடும், எந்தெந்த இரவு என்று அந்தந்த வருடம் அறிவிப்பார்கள். அறிவிப்பைப் பார்த்த பிறகே திரும்பும் தேதியைப் போடுங்கள்.

இன்னொன்று, 14-ஆம் தேதி நமக்குச் சித்திரைப் புத்தாண்டு. காலையில் கோயிலுக்குப் போக வேண்டும், வீட்டில் சமைத்து வைத்துக் காத்திருப்பார்கள் என்றால் 13-ஆம் தேதி காலையிலேயே ஹாட்யாயை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். மதியத்துக்கு மேல் கிளம்பி நள்ளிரவுக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்ற கணக்கு அந்த வாரத்தில் பலிக்காது.

எல்லையை ஒட்டிய கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளி, சனி என்பதையும் மனத்தில் வையுங்கள். அந்தப் பக்கத்துக் கூட்டம் வியாழன் மாலையே எல்லைக்குக் கிளம்பிவிடும். தெற்கிலிருந்து வரும் நம் கூட்டம் சனிக்கிழமை விடியற்காலையில் போய் மொய்க்கும். முடிந்தால் வெள்ளி பகலில் கடந்துவிடுங்கள், அரை நாள் விடுப்பு போனாலும் பரவாயில்லை.

2. கடப்பிதழும் வருகைப் பதிவும்

மலேசியக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) இருந்தால் விசா தேவையில்லை. ஆனால் கடப்பிதழ் காலாவதியாக இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் இருக்க வேண்டும். இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அடையாள அட்டையை வைத்துக்கொண்டு கடக்க முடியாது. கெடா, பெர்லிஸ் போன்ற எல்லைப் பகுதிக்காரர்கள் வாங்கும் எல்லைக் கடவுச்சீட்டு (பார்டர் பாஸ்) வேறு, அது நமக்குக் கிடைக்காது.

அடுத்தது தாய்லாந்தின் மின்னணு வருகை அட்டை. 2025 மே 1 முதல் விமானத்தில் போனாலும் சரி, பஸ்ஸில் போனாலும் சரி, கட்டாயம். போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும், ஒரு மாதம் முன்பே முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தால் ஏற்காது. இதற்குக் கட்டணம் கிடையாது. தேடிப் பார்த்தால் முதலில் வந்து நிற்கும் சில தளங்கள் அச்சு அசல் அரசுத் தளம் போலவே இருக்கும், கடைசிப் பக்கத்தில் டாலரில் காசு கேட்கும். தாய்லாந்து குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தின் முகவரி ஜிஓ, புள்ளி, டிஎச் என்று முடியும். காசு கேட்டால் மூடிவிட்டு வெளியே வாருங்கள்.

படிவத்தில் நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பெயர். நம் கடப்பிதழில் ஏ/எல், ஏ/பி (இன்னாரின் மகன், மகள்) என்று நடுவில் ஒரு சாய்வுக்கோடு இருக்கிறதே, அதுதான் தொல்லை. குடும்பப் பெயர் எது, முதல் பெயர் எது என்று தனித்தனியாகக் கேட்கும்போது அப்பா பெயரை எங்கே போடுவது என்று ஆளுக்கொரு விதமாக நிரப்புகிறார்கள், ஒரே குடும்பத்தில் நாலு பேருக்கு நாலு விதமாக வந்து நிற்கிறது. சுலபமான வழி இதுதான்: கடப்பிதழின் படப் பக்கத்தைப் படம் எடுத்து அந்தத் தளத்தில் ஏற்றினால், அடியில் இருக்கும் இரண்டு வரியிலிருந்து அதுவே பெயரை எடுத்துக்கொள்ளும். அது எடுத்தபடியே விட்டுவிடுங்கள். கையால்தான் தட்டுகிறீர்கள் என்றால் அந்த அடி வரிகளில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே தட்டுங்கள், சாய்வுக்கோடு வேண்டாம்.

தங்கும் இடத்துக்கு ஹோட்டல் முகவரி கேட்கும். மாநிலம் சொங்க்லா, மாவட்டம் ஹாட்யாய். வாகன எண் கேட்கும் இடத்தில் பஸ் எண் வேண்டும், அதை டிக்கெட் வாங்கிய இடத்தில் கேளுங்கள். பின்னால் பஸ் மாறினாலும் எல்லைக்குப் போகும் முன் திருத்திக்கொள்ளலாம். முடித்ததும் வரும் கியூஆர் பக்கத்தைக் கைபேசியில் படமாகவும் வைத்துக்கொண்டு, தாளிலும் ஒன்று அச்சடித்துக்கொள்ளுங்கள். எல்லைக் கட்டடத்துக்குள் இணையம் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

இந்திய, இலங்கைக் கடப்பிதழோடு இங்கே வேலை பார்க்கும் நண்பர்கள் இரண்டு விஷயம் தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்று, தாய்லாந்து விசா விதி. அது அடிக்கடி மாறுகிறது, கிளம்பும் வாரத்தில் தூதரகத் தளத்தில் பாருங்கள். இரண்டு, அதைவிட முக்கியம், உங்கள் மலேசிய அனுமதி திரும்ப நுழைய விடுமா என்பது. ஒரே தடவை நுழைய மட்டும் அனுமதி இருந்தால் வெளியே போவது சுலபம், திரும்பி வருவதுதான் நடக்காது.

3. பஸ் டிக்கெட்: போகும்போதே வருவதற்கும்

கோலாலம்பூரில் தெற்கு ஒருங்கிணைந்த பேருந்து முனையத்திலிருந்து, அதாவது டிபிஎஸ்ஸிலிருந்து, ஹாட்யாய்க்கு நேரடி பஸ் இருக்கிறது. சாதாரண நாளில் எட்டு மணி நேரம், ஒன்பது மணி நேரம். சொங்கிரான் சமயத்தில் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வழிக்கு 70 முதல் 90 வெள்ளி வரை கணக்குப் போடுங்கள். பினாங்குக்காரர்களுக்கு வேன் இருக்கிறது, வழியில் தாமதம் இல்லாவிட்டால் நாலு மணி நேரத்தில் போய்விடலாம்.

டிக்கெட்டை ஒன்றரை மாதம் முன்பே வாங்குங்கள், வரும் டிக்கெட்டையும் சேர்த்து. போகும்போது மட்டும் வாங்கிக்கொண்டு, வருவதற்கு அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று போனவர்கள் 14, 15 தேதிகளில் ஹாட்யாய் ஏஜென்சிகளின் வாசலில் பையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். சீட் கிடைத்தால் அவர்கள் சொல்வதுதான் விலை.

இரவு பஸ் எடுத்தால் ஒரு கணக்கு இருக்கிறது. பஸ் கடக்கும் மலேசிய எல்லையான புக்கிட் காயு ஹீத்தாம் சோதனைச் சாவடி பயணிகளுக்கு வழக்கமாக மலேசிய நேரப்படி காலை 6-க்குத் திறந்து நள்ளிரவு 12-க்கு மூடும். பெருநாள் சமயத்தில் நேரத்தை நீட்டினால் செய்தியில் வரும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். இரவு 9 மணிக்கு ஏறினால் விடியுமுன்னே போய்ச் சேர்ந்து பஸ்ஸுக்குள்ளேயே காத்துக் கிடக்க வேண்டும். ஆனால் அப்படிக் காத்திருக்கும் பஸ்தான் வரிசையில் முன்னால் இருக்கும். 11 மணி பஸ்ஸில் நன்றாகத் தூங்கிக்கொண்டே போகலாம், போய் இறங்கும்போது உங்களுக்கு முன்னால் பல பஸ் நிற்கும். நான் 9 மணி பஸ்தான் எடுக்கச் சொல்வேன்.

நேரடி பஸ் கிடைக்காவிட்டால் பயணத்தை விட்டுவிட வேண்டாம். அலோர் ஸ்டார் வரை பஸ்ஸில் போய், ஷஹாப் பெர்டானா நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து உள்ளூர் பஸ்ஸோ வாடகைக் காரோ பிடித்து எல்லைக்குப் போய், அந்தப் பக்கத்து எல்லை ஊரான டானோக்கில் வேன் ஏறினால் ஹாட்யாய் ஏறக்குறைய 60 கிலோமீட்டர்தான். அல்லது மலேசியாவின் இடிஎஸ் மின்சார ரயிலில் எல்லை நிலையமான பாடாங் பெசார் போய், அதே நிலையத்துக்குள் இரண்டு நாட்டு முத்திரையும் வாங்கிக்கொண்டு தாய்லாந்து ரயிலில் ஏறலாம். பஸ்ஸைவிட அது நிம்மதி என்பது என் எண்ணம், ஆனால் இடிஎஸ் டிக்கெட்டும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

4. எல்லையில் என்ன நடக்கும்

மலேசியப் பக்கத்தில் இறங்கி முத்திரை வாங்கி, திரும்ப பஸ்ஸில் ஏறுவீர்கள். தாய்லாந்துப் பக்கத்தில் பையையும் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியிருக்கும். இறங்குவதற்கு முன் பஸ்ஸின் எண் தகட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் வெளியே வந்து பார்த்தால் ஒரே நிறத்தில், ஒரே உயரத்தில் வரிசையாக பஸ் நிற்கும், எல்லாவற்றிலும் ஹாட்யாய் என்றுதான் எழுதியிருக்கும். ஓட்டுநரின் தொலைபேசி எண்ணையும் வாங்கி வைப்பது நல்லது.

வரிசையில் நிற்கும்போது படிவம் நிரப்பித் தருகிறேன் என்று சிலர் வருவார்கள், சில வெள்ளி கேட்பார்கள். நீங்கள் வீட்டிலேயே முடித்துவிட்டால் தலையாட்டிவிட்டு நகர வேண்டியதுதான். கையில் தண்ணீரும் கொஞ்சம் ரொட்டியும் இருக்கட்டும். நாலு மணி நேரம் நிற்க நேரும் என்று நினைத்தே போங்கள், சின்னப் பிள்ளைகளைக் கழிவறைக்குக் கூட்டிப்போன பிறகே வரிசையில் சேருங்கள். பிள்ளைகளின் பிறப்புப் பத்திர நகலும் பையில் இருந்தால் கேள்வி வந்தால் காட்டலாம்.

கடப்பிதழைத் திரும்பக் கையில் கொடுத்ததும் அந்த இடத்திலேயே திறந்து பாருங்கள். முத்திரை இருக்கிறதா, தேதி சரியா என்று. நுழைவு முத்திரை இல்லாமல் உள்ளே போய்விட்டால் திரும்பும்போது அது சட்டவிரோத நுழைவு. அனுமதித்த நாளுக்கு மேல் தங்கினால் ஒரு நாளைக்கு 500 பாட் அபராதம்.

வேப் பழக்கம் உள்ளவர்கள் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். தாய்லாந்துக்குள் மின் சிகரெட் கொண்டு போவது சட்டப்படி குற்றம், அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. ஹாட்யாய் கடைத்தெருவில் விற்கிறார்களே என்று கேட்காதீர்கள், மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

இங்கேயே கடிகாரத்தையும் பாருங்கள். தாய்லாந்து நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். கைபேசி சில நேரம் தானாக மாறும், சில நேரம் மாறாது. திரும்பும் டிக்கெட்டில் இருப்பது தாய்லாந்து நேரமா என்று கேட்டு, டிக்கெட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

5. தங்கும் இடம்

லீ கார்டன்ஸ் பிளாசாவைச் சுற்றி நடந்து போகும் தூரத்தில் அறை எடுங்கள். நிபாட் உதிட் 2, 3 சாலைகள், சனேஹானுசோன் சாலை, இந்த வட்டாரத்துக்குள் இருந்தால் போதும். தண்ணீர்க் கூத்து நடக்கும் இடமும் அதுதான், பஸ் ஏஜென்சிகளும் அங்கேதான், கிம் யோங் சந்தையும் பக்கத்தில். ஊருக்கு வெளியே பாதி விலைக்கு அறை கிடைக்கும், எடுக்காதீர்கள். சாலைகளை மூடியபின் இரவில் சொட்டச் சொட்ட நனைந்த நாலு பேரை எந்த வண்டிக்காரரும் ஏற்றிக்கொள்ள மாட்டார்.

சாதாரண நாளில் 80, 100 வெள்ளிக்குக் கிடைக்கும் அறை அந்த வாரத்தில் இரண்டு மடங்காகும். இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து எடுத்தால் சமாளிக்கலாம். சில இடங்களில் இரண்டு இரவு கட்டாயம் என்பார்கள். 2025 நவம்பரில் ஹாட்யாய் நகரம் பெரும் வெள்ளத்தில் மூழ்கியது, கடைகளும் ஹோட்டல்களும் பலமாக அடிபட்டன. அதனால் பழைய படங்களையும் பழைய கருத்துகளையும் நம்பாமல், வெள்ளத்துக்குப் பிறகு தங்கியவர்கள் எழுதியதை மட்டும் படித்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். மின்தூக்கி வேலை செய்கிறதா, சுடுதண்ணீர் வருகிறதா என்று ஹோட்டலுக்கே எழுதிக் கேட்கலாம், பதில் போடுவார்கள்.

6. காசு

ஒரு வெள்ளிக்கு ஏழரை, எட்டு பாட் என்ற அளவில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம் இங்கேயே மாற்றிக்கொண்டு போங்கள், எல்லையில் மாற்றினால் விலை சரியாக இருக்காது. தாய்லாந்துக் கடைகளில் ஒட்டியிருக்கும் பிராம்ப்ட்பே கியூஆரை நம் டூயிட்நவ் செயலிகளில் ஸ்கேன் செய்து காசு கட்டலாம், பெரும்பாலான கடைகளில் போகிறது. ஆனால் சாலையோரத்தில் வறுத்த கோழி விற்பவரிடமும் தண்ணீர் நிரப்பித் தருபவரிடமும் சில்லறை வேண்டும்.

என் கணக்கு இப்படி: போக வர பஸ் 160, அறையில் என் பங்கு 140, சாப்பாடு 80, உள்ளூர் வண்டி 25, பயணக் காப்புறுதி 20, நனையாத பையும் தண்ணீர்த் துப்பாக்கியும் சேர்த்து 25. ஆக 450. துணிமணி, பலகாரம், முந்திரிப் பருப்பு என்று கிம் யோங் சந்தையில் இறங்கிவிட்டால் அது தனிக் கணக்கு. காப்புறுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். சொங்கிரானை ஒட்டிய ஏழு நாளைத் தாய்லாந்து அரசே ‘ஆபத்தான ஏழு நாள்’ என்று சொல்லித்தான் சாலைப் பாதுகாப்பு இயக்கம் நடத்துகிறது. அதனால்தான் மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள் என்கிறேன்.

7. நனையும் நாள்

அறையை விட்டு வெளியே வந்ததும் நனைந்துவிடுவீர்கள். நான் நனையவில்லை, வேடிக்கை மட்டும் பார்க்கிறேன் என்பதெல்லாம் அங்கே நடக்காது. கருப்பு நிற, சீக்கிரம் காயும் துணி போடுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம். ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும், மறுநாளும் காயாது. காலில் பட்டி வைத்த செருப்பு, ஏனென்றால் சாலை முழுக்க மாவும் தண்ணீரும் கலந்து வழுக்கும். கண்ணில் லென்ஸ் போடுபவர்கள் அன்றைக்குக் கண்ணாடிக்கு மாறிவிடுங்கள்.

கடப்பிதழை அறைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, அதன் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். போன தடவை திரும்பும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இளைஞரின் கடப்பிதழ் கால்சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நுழைவு முத்திரையின் மை நீலமாகப் பரவி, தேதியே தெரியவில்லை. அதிகாரி பக்கங்களை நகத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார், அப்புறம் அவரைத் தனியாக ஒரு மேசைக்கு அனுப்பினார். அவருடைய பஸ் எவ்வளவு நேரம்தான் காத்திருக்கும், சொல்லுங்கள்.

பிக்குகள், வயதானவர்கள், கைக்குழந்தை, மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் மேல் தண்ணீர் அடிக்கக் கூடாது. வெள்ளை மாவுக் குழம்பைக் கன்னத்தில் பூசுவார்கள், பெரும்பாலும் கேட்டுவிட்டுத்தான் பூசுவார்கள். நீங்களும் கேட்டே பூசுங்கள், பெண்களிடம் கட்டாயமாக. கூட்டத்தில் தனியாகப் போகும் பெண்கள் சேர்ந்து நாலு பேராக நில்லுங்கள், இரவு ஏற ஏறக் குடித்தவர்கள் அதிகமாவார்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. ஹலால் கடைகள் நிறைய, பொரித்த சின்ன வெங்காயம் தூவித் தரும் ஹாட்யாய் வறுத்த கோழியைத் தவற விடாதீர்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் நூடல்ஸ் குழம்பு எதில் கொதிக்கிறது என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். சைவக்காரர்கள் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடையாகப் பார்த்துப் போக வேண்டும், மற்ற இடங்களில் வெறும் கீரை வதக்கலிலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள்.

ஹாட்யாயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பட்டானி, யாலா, நராதிவாட் பக்கம் பாதுகாப்பு நிலைமை நீண்ட நாளாகச் சரியில்லை, அதே சொங்க்லா மாநிலத்தில் சானா, தேபா, நாத்தவி, சபாயோய் மாவட்டங்களும் அந்த எச்சரிக்கைப் பட்டியலில்தான் வருகின்றன.

8. திரும்பும்போது

காலை பஸ்தான் நல்லது. தாய்லாந்து நேரம் 9-க்குக் கிளம்பினால் மாலைக்குள் எல்லையைத் தாண்டி, நள்ளிரவை ஒட்டி வீடு சேரலாம். மாலை பஸ் எடுத்தால் ஹாட்யாயிலிருந்து டானோக் வரையே சாலை அடைத்துக்கொள்ளும், எல்லை மூடுவது தாய்லாந்து நேரம் இரவு 11 மணி என்பதை மறக்காதீர்கள். அன்றைக்குக் கடக்க முடியாமல் போனால் டானோக்கில் அந்த நேரத்தில் அறை தேட வேண்டும்.

பையை நீங்களே கட்டுங்கள், மற்றவர் கொடுக்கும் பொட்டலத்தை வாங்கிக்கொள்ளாதீர்கள். ஹாட்யாயில் கஞ்சா கலந்த மிட்டாய், பிஸ்கட் எல்லாம் சாதாரண இனிப்பு மாதிரியே உறை போட்டு வருகிறது. அதில் ஒன்று பையில் இருந்தாலும் மலேசியச் சட்டத்தில் அது போதைப்பொருள்தான். இனிப்பு வாங்கும்போது உறையில் இலைப் படம் இருக்கிறதா என்று பாருங்கள், தாய் எழுத்து மட்டும் இருந்தால் கடைக்காரரைக் கேளுங்கள். பட்டாசு, இறைச்சிப் பண்டம், செடி கொடி, விதை எதுவும் வேண்டாம், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள்.

ஈரத் துணியைத் தனி நெகிழிப் பையில் கட்டிப் பஸ்ஸின் அடியில் போடுங்கள். ஒரு மாற்றுத் துணியும் மெல்லிய போர்வையும் கையோடு இருக்கட்டும், இந்த பஸ்களில் குளிர்சாதனத்தைக் குறைக்கச் சொன்னால் குறைக்க மாட்டார்கள். மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள் டிபிஎஸ்ஸில் இறங்கும் நேரத்துக்கு எல்ஆர்டி ரயில் ஓடுமா என்று முன்பே பார்த்து, ஓடாது என்றால் வாடகைக் காருக்கு 30 வெள்ளியைத் தனியாக எடுத்து வையுங்கள்.